பேர் உரித்த தட்டுகள்

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். சாவி கையில் இருந்தது. குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கதவுக்குப் பின்னால் பாட்டு ஓடாத மதியமே கிடையாது, அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. பாட்டு முடிந்தது. ஊசியைத் தூக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அதே பாட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அதுவும் முடிந்து, மூன்றாவது தடவையும் அதுவே ஆரம்பித்தபோது அவள் கதவைத் திறந்தாள்.

"வந்துட்டியா? சரியான நேரத்துல வந்தே. இதக் கேளேன்" என்றார் அவர். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் இசைத்தட்டுகள். "எத்தனை வருஷமாச்சு இதத் தொட்டு! இன்னிக்கு இதுலதான் ஆரம்பிக்கப் போறேன்."

"நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு ஈரச் செருப்போடு சமையலறைக்குப் போய்விட்டாள். காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போதும் இதே தட்டைக் காட்டி இதையேதான் சொல்லியிருந்தார், ஒரு வார்த்தை கூட மாறாமல்.

அவருக்குப் பேர் ஊசி. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கிறது, அது ரேஷன் கார்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் உபயோகப்படும். வாழ்க்கை முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் லிஃப்டுக்காக யாரும் அவரை ஞாபகம் வைத்திருக்கவில்லை. சனிக்கிழமை ஆனால் இரண்டு ரெக்கார்டு பிளேயரை பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு அவர் போட்ட எலக்ட்ரோ ஃபங்க்குக்காகத்தான் ஞாபகம். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: மேளக்காரன் கிடையாது, மேளம் அடிக்கிற பெட்டி. ரப்பர் மாதிரி இழுபடும் பேஸ் என்கிற கனத்த அடிநாதம். நடுவில் ஜலதோஷம் பிடித்த இயந்திரம் ஒன்று மூக்கால் பேசும். தாளம் மட்டும் இடுப்புக்குக் கீழே எங்கேயோ போய்ப் பிடிக்கும், பிடித்தால் விடாது. இதைக் கேட்டு ஆடியவர்களில் பலருக்கு இப்போது மூட்டு வலி. அவர்கள் பிள்ளைகள் வந்து ஆடுகிறார்கள்.

ஊசியின் தட்டுகளில் பேர் இருக்காது. அவர் இளவட்டமாக இருந்த காலத்தில் மற்ற டீஜேக்கள் ஆடுகிற சாக்கில் மேசையோரம் வந்து எட்டிப் பார்ப்பார்கள். தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படித்துக்கொண்டு போய், அடுத்த வாரமே அதே பாட்டை வாங்கி வேறு இடத்தில் போடுவார்கள். அதற்கு இவர் கண்டுபிடித்த மருந்து, வாளித் தண்ணீர். தட்டின் நடுவை ஊறவைத்து, காகிதத்தைத் தேய்த்து உரித்து, வெறும் கறுப்பாக்கி, வெள்ளை உறைக்குள் போட்டுவிடுவார். குளியலறை வாளி மாதக்கணக்கில் காகிதக் கூழாகவே இருந்தது. "குளிக்க வழியில்ல, இவரு தட்டக் குளிப்பாட்டுறாரு" என்று அவள் சண்டை போட்டிருக்கிறாள். எந்தத் தட்டு எது என்பது அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. தட்டை விளக்குக்கு நேரே சாய்த்து வரிகளைப் பார்ப்பார். நெருக்கமாகக் கறுத்திருந்தால் பேஸ், வெளிறிய பட்டையாக இருந்தால் மேளம் மட்டும் தனியாக அடிக்கும் இடம். அவ்வளவுதான், எடுத்துவிடுவார். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சநஞ்சம் இல்லை.

இப்போது அந்தத் தலைதான் காலை வாரிக்கொண்டிருந்தது. போன மாதம் தட்டே வைக்காமல் சுழலும் ரப்பர் மேல் ஊசியை இறக்கி, கரகரவென்று சத்தம் வந்ததும் பதறிப்போனார். அடுத்த வாரமும் அதே. பிரஷர் பார்க்கலாம் என்று சொல்லி அவள் அவரை டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் ஐந்து பொருளின் பேரைச் சொல்லி, கொஞ்ச நேரம் வேறு எதையோ பேசிவிட்டு, அந்த ஐந்தையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். இவர் இரண்டைச் சொன்னார். யோசித்தார். "மிச்சம் மூணையும் நீங்களே வச்சுக்குங்க டாக்டர்" என்றார். டாக்டர் சிரித்தார், அவள் சிரிக்கவில்லை. அடுத்து அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பஸ்ஸில் திரும்பி வரும்போது டாக்டர் என்ன சொன்னார் என்று இவர் கேட்கவே இல்லை. கேட்காததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

முட்டையை வேகவைத்து, ரொட்டியை அறுத்து, தட்டில் வைத்துக் கூப்பிட்டாள். மழை ஜன்னலில் அறைந்துகொண்டிருந்தது. அன்று சாயங்காலம் அவள் தம்பி நிலவறையில் நடத்தும் ஆட்டக்கூடத்தில் அவர் பாட்டுப் போடுவதாக ஏற்பாடு.

"மழை விடுற மாதிரி தெரியல" என்று ஆரம்பித்தாள்.

"தரைக்கு அடியில மழை பெய்யாது."

"தட்டெல்லாம் நனையும்."

"பிளாஸ்டிக் சுத்தியாச்சு."

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா அடுத்த வாரம் வச்சுக்குவான். அவன் என்ன ஊரானா?"

அவர் முட்டையின் ஓட்டை ஒரே சுருளாக உரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். "சுவரெல்லாம் என் மூஞ்சிய ஒட்டி வச்சிருக்கான் உன் தம்பி. இப்பப் போயி வரலேன்னா நல்லாவா இருக்கும்?"

"உடம்பு சரியில்லன்னு சொல்லலாம்."

"உடம்புக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கேன்."

அவள் உப்பை நகர்த்தி வைத்தாள். "சரி, நானும் வர்றேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீயா? எத்தனை வருஷமாக் கூப்பிட்டேன், தலவலின்னு சொன்னவ. இன்னிக்கு என்ன திடீர்னு?"

"சும்மாதான்."

"சும்மா வர்ற ஆளா நீ?"

அவள் இன்னொரு துண்டு ரொட்டி அறுத்தாள். பிறகு அவரே பேசினார், முட்டையைப் பார்த்தபடி. "வர்றதுன்னா ஒரு உதவி பண்ணு. இடது பக்கம் ஒரு பெட்டி, வலது பக்கம் ஒரு பெட்டி. இடதுல இருக்கறது போடாதது. போட்டு முடிச்சதும் நான் உங்கிட்ட நீட்டுவேன், நீ வாங்கி வலதுல வச்சுடு. குனிஞ்சு நிமிந்தா முதுகு பிடிச்சுக்குது."

"முதுகுக்குத்தானே?"

"முதுகுக்குத்தான்."

இரண்டு பேருக்கும் தெரியும், முதுகில் ஒரு கோளாறும் இல்லை என்று. அப்படியும் அவளுக்கு ஏதோ பாரம் பாதி இறங்கின மாதிரி இருந்தது. செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தால் அவள் தாக்குப்பிடித்துக்கொள்வாள், அவள் ஜாதகம் அப்படி.

சாயங்காலம் மகள் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பேக்கரி வேன், உள்ளே எப்போதும் ரொட்டி வாசனை. அப்பா பெட்டிகளைப் பின்னால் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது முன் சீட்டில் அம்மாவும் மகளும் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

"மாமாகிட்ட சொல்லிட்டியாம்மா?"

"சொல்லல."

"ஏம்மா? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அவருக்குத்தானே கஷ்டம்?"

"அவன்கிட்ட சொன்னா மைக்குல சொன்ன மாதிரி. மூஞ்சியப் பாத்தே நாலு பேரு கண்டுபிடிச்சுடுவாங்க. அப்புறம் அப்பாவப் பாக்குற பார்வையே மாறிடும். பாவம், பாவம்னு நிப்பாங்க. அத அவரு தாங்குவாரா சொல்லு."

"அப்ப என்னதான் பண்ணப் போறே?"

"பக்கத்துல நிப்பேன். போட்டதையே திரும்பப் போடாமப் பாத்துக்குவேன். இந்த ஒரு நாள் மானமாக் கழிஞ்சா போதும்டி. அவங்க முன்னாடி அவரு முழிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது, யாரும் சிரிச்சுடக் கூடாது. வேற எதுவும் எனக்கு வேணாம்."

பின்கதவு படாரென்று சாத்தப்பட்டது. இருவரும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

தம்பியின் இடம் ஒரு மேசை நாற்காலிக் கடைக்கு அடியில் இருந்தது. முன்பு பலகை அடுக்கி வைத்த நிலவறை. நாற்பது பேர் நின்றால் மூச்சு முட்டும், ஐம்பது பேர் எப்போதும் வருவார்கள். மேல் மாடிகளில் குடும்பங்கள் இருப்பதால் பொழுது சாயும்போது ஆரம்பித்து, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒப்பந்தம். மகள் இறக்கிவிட்டுப் போக, இருவரும் படியில் இறங்கும்போது தம்பி கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். சுவரோரமாகத் தண்ணீர் கசிந்திருந்தது.

"வாங்க அத்தான்! அட, அக்கா! நீயா? மழை பெய்யாம என்ன செய்யும்?" துடைப்பானைப் போட்டுவிட்டு ஓடி வந்து பெட்டியை வாங்கினான். "அத்தான், எங்கெங்கிருந்தோ வர்றாங்க இன்னிக்கு. சின்னப் பசங்கதான் பாதி. 'ஊசி நிஜமாவே வர்றாரா'ன்னு கேட்டுக் கேட்டு உசிரெடுத்துட்டாங்க."

"வந்தாச்சுன்னு சொல்லு" என்றார் அவர். அந்த நிமிஷத்தில் அவர் குரலில் ஒரு குறையும் இல்லை.

மேசையைத் தயார் செய்வதை அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். இரண்டு சிமெண்ட் பலகை கொண்டுவரச் சொன்னார். அதற்கு அடியில் பாதியாக வெட்டின ரப்பர் பந்துகளைக் கவிழ்த்து வைத்தார். ஆட்டத்தில் தரை அதிர்ந்தாலும் ஊசி துள்ளாது. ஊசி முனையை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார், ஸ்பீக்கரில் 'பொத்' என்றது. எதையும் யோசிக்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. இந்தக் கைகளுக்கா மறதி? டாக்டர் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டார் என்று அவளுக்கு ஒரு நப்பாசை வந்தது. வரக்கூடாதது, ஆனால் வந்தது.

கூட்டம் இறங்கி வந்தது. நனைந்த சட்டைகள், வியர்வை, சிரிப்பு. இடம் நிரம்பியதும் அவர் மதியம் சொன்ன அந்தத் தட்டிலேயே ஆரம்பித்தார். மேளப்பெட்டி காய்ந்த பலகையில் அடிப்பது போல் நாலு அடி அடித்தது, பேஸ் இறங்கியது, அறை மொத்தமும் ஒரே ஆளாக முழங்காலை மடக்கியது. ஒரு காதில் ஹெட்போனைத் தோளால் அழுத்திக்கொண்டு அடுத்த தட்டை விரலால் முன்னும் பின்னும் இழுத்தார், இரண்டின் தாளமும் ஒட்டிக்கொண்டதும் விட்டார். எங்கே ஒன்று முடிந்தது, எங்கே மற்றது தொடங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை. முடிந்த தட்டைப் பார்க்காமலே பின்னால் நீட்டினார். வாங்கினாள். வலது பெட்டியில் வைத்தாள்.

வலது, வலது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அது கட்டாயமாக வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எத்தனையோ வருஷமாக நீராவி இஸ்திரி மெஷினில் நிற்பவள் அவள். அங்கே வலது பக்கத் தள்ளுவண்டியிலிருந்து எடுத்து, தேய்த்து, முடிந்ததை இடது பக்கத் தள்ளுவண்டியில் போட வேண்டும். முடிந்தது என்றால் இடது. அவள் கை அதற்குப் பழகிப்போன கை.

ஒவ்வொரு தட்டு மாறும்போதும் அவர் உறையிலிருந்து தட்டை உருவி விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்க்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் பெரிய கண்டம். ஒரு தட்டை உள்ளே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார், அதையும் வைத்தார். ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடிவை நெருங்கியது. கடைசி நேரத்தில் ஒன்றை உருவி வைத்துவிட்டார். அவர் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. இத்தனை புழுக்கத்தில் யாருக்குமே நனையும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்போது பார்த்துத் தம்பி பக்கத்தில் வந்து காதருகே கத்தினான். "அக்கா, ஒரு விஷயம் முடிவு பண்ணிட்டேன். இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் அத்தான்தான்! வருஷம் முழுக்க!"

"என்னது?"

"வருஷம் முழுக்கன்னு சொல்றேன்! அத்தான்கிட்ட நீதான் பேசணும். நீ சொன்னாதான் கேப்பாரு."

"இப்ப எதுக்குடா அது? அப்புறம் பேசலாம்."

"அப்புறம்னா எப்ப? எல்லாரும் இங்க இருக்கறப்பவே மைக்குல சொல்லிடலாம்னு பாக்குறேன்."

"வேணாம்! சொல்லாத!"

"ஏன்க்கா? ஏன் மூஞ்சி இப்படி வெளிறிப் போச்சு?"

அவர் பின்னால் நீட்டிக்கொண்டே இருந்தார், அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தபடியே வாங்கி வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். என்ன பொய் சொல்லி இவனை நிறுத்துவது என்பதிலேயே அவள் புத்தி முழுக்க இருந்தது. கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டது.

மேளம் மாறியது. முன்வரிசையில் ஓர் உயரமான பெண் ஆடுவதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தாள். அவன் உதட்டைப் பிதுக்கினான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். "இப்பதானே போட்டீங்க!" என்று எங்கிருந்தோ ஒரு குரல், கெட்ட எண்ணம் இல்லாத குரல்தான்.

அவள் குனிந்து பார்த்தாள். வலது பெட்டியில் அரைவாசிதான் இருந்தது. போட்டு முடித்த மற்றதெல்லாம் இடது பெட்டிக்குள் முன்பக்கத்திலேயே, அவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒழுங்காக, மடித்த விரிப்பு மாதிரி அடுக்கியிருந்தது. அவளே அடுக்கியது. எது நடக்கக் கூடாது என்று இவ்வளவு தூரம் வந்தாளோ, அதைத் தன் கையாலேயே செய்து வைத்திருந்தாள்.

அவர் கூட்டத்தின் முகங்களைப் பார்த்தார். சுழலும் தட்டைப் பார்த்தார். தட்டின் நடுவில் பார்க்க ஒன்றுமில்லை, வெறும் கறுப்பு.

"என் தப்புங்க" என்று அவர் கையைப் பிடித்தாள். "சலவைக்கூடத்து நெனப்புல இடதுல வச்சுட்டேன். உங்க மேல ஒண்ணும் இல்ல. நான் சொல்லிடுறேன் அவங்ககிட்ட."

அவர் அவள் சொன்னதைக் கேட்டார். முழுசாகக் கேட்டார். "எந்தப் பெட்டியில இருந்தா என்ன?" என்றார் மெதுவாக. "இத இப்பதான் போட்டேன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?"

ஊசியைத் தூக்கிவிட்டார். அந்த நிலவறையில் திடீரென்று மழை கேட்டது. தம்பி பாய்ந்து வந்து, "கரண்டு கோளாறா அத்தான்?" என்றான். அவர் அவன் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

"எல்லாருக்கும் ஒரு விஷயம்" என்றார். "எனக்கு ஞாபகம் சரியா நிக்கிறதில்ல. வயசுக்கு வர்ற மறதி இல்ல, அதுக்கும் மேல. டாக்டர் என் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டாரு. அவ எங்கிட்ட சொல்லாம வச்சிருக்கா. எனக்குத் தெரியும்கறத நானும் அவகிட்ட சொல்லாம வச்சிருக்கேன். நல்ல குடும்பம்."

ஒருவர் கூடச் சிரிக்கவில்லை. அவர் அந்தத் தட்டைத் தூக்கிக் காட்டினார்.

"தட்டுலயாவது பேரு இருந்தா படிச்சுப் பாத்துக்குவேன். அதையும் நானே உரிச்சுத் தொலச்சேன், எவனும் பாத்துடக் கூடாதுன்னு. இப்ப நானும் பாக்க முடியல. அதனால நீங்கதான் பாத்துக்கணும். போட்டதையே திரும்பப் போட்டா சத்தமாச் சொல்லிடுங்க. வயசானவராச்சேன்னு வாய மூடிக்கிட்டு ஆடாதீங்க. அது எனக்குப் பிடிக்காது."

"என்னன்னு சொல்லணும்?" என்று பின்னாலிருந்து ஒரு பையன் கேட்டான்.

"போட்டாச்சுன்னு சொல்லு."

"போட்டாச்சு!" என்றது கூட்டம், அப்போதே, ஓடி நின்றுபோன அந்தத் தட்டுக்காக. இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவளுக்கு மட்டும் கண்ணீர் வந்தது. எந்தச் சிரிப்புக்குப் பயந்து செத்தாளோ அந்தச் சிரிப்பு இது இல்லை என்று புரிந்தாலும் நின்றபாடில்லை.

தம்பி அவள் பக்கத்தில் மரம் மாதிரி நின்றான். "அக்கா… எங்கிட்ட ஏன் சொல்லல?"

"இப்பத் தெரிஞ்சுக்கிட்டேல்ல? போ, அத்தானுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா."

அதற்குப் பிறகு ஓடிய நேரம் அவள் நினைத்தது போல் இல்லை, பயம் தீர்ந்துபோனது என்றும் சொல்ல முடியாது. அவள் மறுபடி பெட்டிகளைப் பிரித்து ஒழுங்கு பண்ணினாள். ஆனால் அவர் இப்போது சூட்டில் இருந்தார், எந்தப் பெட்டியில் கை போகிறதோ அதிலிருந்து எடுத்தார். அவள் தடுக்கவில்லை. இரண்டு அடி மேளம் கேட்டதும் "போட்டாச்சு!" என்று கூட்டம் கத்தும். "அடப் பாவிங்களா, நல்ல பாட்டாச்சே" என்று சொல்லிக்கொண்டே எடுத்துவிடுவார். சரியான தட்டு விழுந்தால் முன்னைவிட இரண்டு மடங்கு ஆட்டம். வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் நேரம் போகப் போக அந்தச் சத்தம் அடிக்கடி வந்தது. அவர் பதிலுக்குச் சிரிக்கும் சிரிப்பு சின்னதாகிக்கொண்டே போனது. ஒரு தடவை வரிசையாக மூன்று தட்டுக்கு "போட்டாச்சு" வந்தபோது நெற்றியைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மேசையைப் பிடித்தபடி நின்றார். பின்வரிசைப் பையன்கள் கத்துவதை நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

தம்பி வந்து, "அத்தான், மேல்வீட்டுக்காரங்க நேரம் ஆயிடுச்சு. கடைசியா ஒண்ணு" என்றான்.

அவர் வலது பெட்டிக்குள் கைவிட்டார். ஓர் உறையை எடுத்து, தட்டை உருவி, விளக்குக்கு நேரே சாய்த்தார். வரிகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "அட, இது இங்கயா இருந்துச்சு?" என்று அவளிடம் காட்டினார். "வந்ததுலேர்ந்து இதத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

இரண்டு பாட்டுக்கு முன்னால்தான் அதைப் போட்டிருந்தார். அப்போதும் இப்படியேதான் முகம் மலர்ந்தது, இதையேதான் சொன்னார்.

ஊசியை இறக்கினார். மேளம் ஒரு அடி அடித்தது, இன்னொரு அடி. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவர் அந்த மௌனத்தைக் கவனித்துவிட்டார். கை ஊசித் தண்டுக்குப் போனது. கூட்டத்தைப் பார்த்தார், கூட்டம் அவளைப் பார்த்தது. அவரும் திரும்பி அவளைப் பார்த்தார்.

"போட்டாச்சா?"

ஒளிக்காமல் சொல்லச் சொல்லித்தான் அவர் கேட்டிருந்தார். அவர் கண்ணில் இன்னும் அந்த மலர்ச்சி முழுசாகப் போகவில்லை. தூக்கவா என்று விரல் காத்துக்கொண்டிருந்தது.

"இல்லீங்க" என்றாள் அவள். "இன்னும் போடல. ஓடட்டும்."

அவர் கையை எடுத்துவிட்டார். பேஸ் இறங்கியது. முன்வரிசையில் அந்த உயரமான பெண்தான் முதலில் ஆட ஆரம்பித்தாள், அந்தப் பாட்டை அன்றைக்குத்தான் முதல் முதலாகக் கேட்பவள் மாதிரி. பிறகு எல்லாரும் ஆடினார்கள்.